கடல் தாண்டிய பிரிட்டிஷ் வங்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ராஜாஜி சாலையிலோ கொழும்புக் கோட்டையிலோ நடந்து போனால், பெரிய தூண்களோடு நிற்கும் பழைய வங்கிக் கட்டடங்கள் கண்ணில் படும். 'வெள்ளைக்காரன் காலத்து பேங்க்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வங்கிகள் உள்ளே என்ன செய்தன, யார் பணத்தில் செய்தன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இந்தியா, இலங்கை, சீனா பக்கம் ஓடிய வங்கிகளைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். அர்ஜென்டினாவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம்.

வெளிநாட்டு வங்கி என்றால் லண்டன் வங்கி ஒன்றின் கிளையா?

இல்லை. பலருக்கும் முதலில் தடுக்குகிற இடம் இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உள்நாட்டு வங்கிகள் பெரும்பாலும் கடலைத் தாண்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கென்றே தனி வங்கிகள் தொடங்கப்பட்டன. தலைமையகம் லண்டனில், பங்குதாரர்கள் பிரிட்டனில், கொடுக்கல் வாங்கல் எல்லாம் கல்கத்தாவிலும் கொழும்பிலும் ஷாங்காயிலும். லண்டன் கடைக்காரர் ஒருவருக்கு அங்கே கணக்கு வைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கிழக்கே இவற்றை 'எக்ஸ்சேஞ்ச் பேங்க்', அதாவது நாணய மாற்று வங்கி என்பார்கள். மூத்தது ஓரியண்டல் வங்கி. 1842-ல் பம்பாயில் வேறு பெயரில் தொடங்கி, 1845-ல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டது. பிறகு 1853-ல் சாசனம் பெற்ற சார்ட்டர்ட் வங்கி, பம்பாயில் பிறந்த மெர்க்கன்டைல் வங்கி, 1863-ல் கல்கத்தாவில் பிறந்த நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா என்று வரிசையாக வந்தன. 1865-ல் தொடங்கிய ஹாங்காங் ஷாங்காய் வங்கி மட்டும் தலைமையகத்தை ஹாங்காங்கிலேயே வைத்துக்கொண்டது.

ஆட்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். பணமும் அப்படித்தான். எடின்பரோ பக்கத்து வக்கீல்கள் வழியாக அங்குள்ள குடும்பங்களின் சேமிப்பு நிரந்தர வைப்பாக வந்து சேர்ந்தது. உள்ளூர் வட்டியைவிட அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடக் கிடைத்தால் போதும், அது எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்கு முன்னால் பணம் எப்படிக் கடல் கடந்தது?

'ஏஜென்சி ஹவுஸ்' என்ற வணிக நிறுவனங்கள் வழியாக. ஒரே நிறுவனம் அவுரி வாங்கும், கப்பல் விடும், காப்பீடு எழுதும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் சம்பளச் சேமிப்பை வைப்பாக வாங்கி வட்டியும் கொடுக்கும். எல்லா முட்டையும் ஒரே கூடையில். 1830-ல் கல்கத்தாவின் பாமர் கம்பெனி விழுந்தது, அடுத்த நான்கு வருடத்தில் அந்த ஊரின் மற்ற பெரிய ஏஜென்சி ஹவுஸ்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வணிகமும் வங்கியும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது என்ற பேச்சு அப்போதுதான் பலமாக எழுந்தது. ஆனாலும் அந்தப் பாடம் சென்னைக்கு வந்துசேர இன்னொரு முக்கால் நூற்றாண்டு ஆனது. அந்தக் கதை கீழே வருகிறது.

பாங்க் ஆஃப் மெட்ராஸும் இந்த வகைதானா?

இல்லை. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் வேறு சாதி. பாங்க் ஆஃப் மெட்ராஸ் 1843-ல் தொடங்கியது. அரசாங்கப் பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம், உள்ளூரில் கடன் கொடுக்கலாம். ஆனால் அந்நியச் செலாவணியைத் தொடக் கூடாது, லண்டனில் கடன் வாங்கவும் கூடாது. அந்த வேலி எக்ஸ்சேஞ்ச் வங்கிகளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. மூன்றும் 1921-ல் சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆகி, 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆனது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சாசனம், சார்ட்டர் என்கிறார்களே, அது எதற்கு?

அன்றைக்கு வங்கி திவாலானால் பங்குதாரரின் வீடு வாசல் வரை ஜப்திக்கு வரலாம். முடியரசு தரும் அனுமதிப் பத்திரமான அரச சாசனம் இருந்தால் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதோடு மரியாதையும் கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சாசனங்களை முடிந்தமட்டும் தடுத்துப் பார்த்தது. இந்தியாவுக்கும் லண்டனுக்கும் இடையே பணம் மாற்றுவது கம்பெனியின் சொந்த வியாபாரம் ஆயிற்றே, பங்குக்கு வருகிறவனை யார் வரவேற்பார்கள்!

சார்ட்டர்ட் வங்கியை நிறுவிய ஜேம்ஸ் வில்சன் 'எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவரும்கூட. 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா காலியாகக் கிடந்த இந்தியாவுக்கு நிதி உறுப்பினராக வந்தார். 1860-ல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டார், அதிலேயே வருமான வரியையும் கொண்டுவந்தார். அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்துபோனார். நாம் வருடாவருடம் கட்டுகிற வரிக்கு வித்திட்டவர் ஒரு எக்ஸ்சேஞ்ச் வங்கிக்காரர் என்பது எனக்குப் பிடித்த தகவல்களில் ஒன்று.

இந்த வங்கிகள் உண்மையில் செய்த வேலை என்ன?

மாற்றுச்சீட்டு வாங்கி விற்றது. நம் ஊர் உண்டியலின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. கோயில் உண்டியல் இல்லை, வணிகர்கள் எழுதிக்கொண்ட தவணை உண்டியல்.

ஒரு பேச்சுக்கு, 1870-ல் கொழும்பில் ஒரு ஏற்றுமதியாளர் 1,000 பவுண்டு மதிப்புள்ள காப்பியைக் கப்பலேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு லண்டன் போய், விற்று, பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தோட்டத்துக்குக் கூலி யார் கொடுப்பது? அவர் லண்டன் வியாபாரி பெயருக்கு ஒரு சீட்டு எழுதுகிறார்: 'இதைப் பார்த்த ஆறு மாதத்தில் 1,000 பவுண்டு கொடுக்கவும்.' சரக்கு ஏறியதற்குக் கப்பல்காரர் கொடுத்த ரசீதையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் அதோடு இணைத்து வங்கிக்குக் கொண்டுபோகிறார். வங்கி அன்றைய மாற்று விகிதத்தில், தன் கழிவை எடுத்துக்கொண்டு, கையில் ரூபாய் கொடுத்துவிடும். அன்று பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்றால் கழிவுக்கு முன் 10,000 ரூபாய். சீட்டு தபால் கப்பலில் லண்டன் போகும். அங்கே வியாபாரி 'ஏற்றேன்' என்று கையெழுத்துப் போட்ட மறுநிமிடமே அந்தக் காகிதத்துக்கு ஒரு விலை உண்டு. தவணை வரை காத்திருக்காமல் லண்டன் பணச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம்.

ஆக வங்கி கிழக்கே ரூபாயைக் கொடுக்கிறது, மேற்கே பவுண்டை வாங்குகிறது. இதை மட்டும் செய்துகொண்டே இருந்தால் கொழும்புப் பெட்டியில் ரூபாய் தீர்ந்துவிடும். இறக்குமதிச் சீட்டுகள் கொஞ்சம் ஈடுகட்டும். மீதிக்கு வெள்ளிக்கட்டியாக அனுப்பலாம், அல்லது லண்டனில், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி விற்ற 'கவுன்சில் பில்' வாங்கலாம். அங்கே பவுண்டைக் கட்டினால் கல்கத்தா, பம்பாய், சென்னை கஜானாவில் ரூபாய் கிடைக்கும். அந்தப் பவுண்டை மந்திரி எதற்குப் பயன்படுத்தினார்? ஓய்வு பெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வே வட்டி, படைச் செலவு. 'ஹோம் சார்ஜஸ்' என்று அதற்குப் பெயர். 1890-களில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் போனது. இந்திய வரிப்பணம் லண்டன் போய்ச் சேர்ந்த வழி இதுதான். கப்பலில் மூட்டை எதுவும் ஏறவில்லை, காகிதம் மட்டும்தான் கைமாறியது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, அடுத்த வருடம் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்தது. தவணைகள் சுருங்கின. தந்தியில் விலை தெரிந்துவிடுகிறபோது, காத்திருப்பதில் கிடைத்த லாபமும் சுருங்கிப்போனது.

வெள்ளி விலை சரிந்ததால் வங்கிகளுக்கு என்ன?

ரூபாய் வெள்ளி, பவுண்டு தங்கம். 1871-க்குப் பின் ஜெர்மனி தங்கத்துக்கு மாறி வெள்ளியைக் கொட்டியது. அமெரிக்கச் சுரங்கங்களும் சேர்ந்துகொண்டன. 2 ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த ரூபாய் சறுக்கிச் சறுக்கி, 1890-களின் நடுவில் 1 ஷில்லிங் 1 பென்னி வரைக்கும் போனது. 1893-ல் அரசாங்கம் நாணயச்சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடி, கடைசியில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தியது.

மேலே சொன்ன அதே 1,000 பவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கி லண்டனிலிருந்து அதைக் கொண்டுவந்து 10,000 ரூபாயாக மாற்றி, இங்கே கடன் கொடுத்திருக்கிறது. கடன்காரர் யோக்கியர், முதல் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த 10,000 ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸ் விகிதத்தில் லண்டனுக்கு அனுப்பினால் 666 பவுண்டு சொச்சம்தான் தேறும். ஒருவரும் ஏமாற்றவில்லை, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஸ்காட்லாந்து டெபாசிட்காரருக்கோ முழு 1,000 பவுண்டு தர வேண்டும்.

ஏற்றுமதியாளருக்கு இதே சரிவு கொண்டாட்டம். அவருடைய 1,000 பவுண்டுக்கு இப்போது 15,000 ரூபாய். தோட்டத்துக் கூலி மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை.

ஓரியண்டல் வங்கி அவ்வளவு பெரிய வங்கி என்கிறார்கள். ஏன் விழுந்தது?

காப்பியால். வெள்ளிச் சரிவும் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் கூடச் சேர்ந்தன, ஆனால் ஆணிவேர் இலங்கைக் காப்பி.

1870 வாக்கில் இலங்கை ஒரு வருடத்தில் பத்து லட்சம் அந்தர் (ஓர் அந்தர் சுமார் 50 கிலோ) அளவுக்குக் காப்பி ஏற்றுமதி செய்தது. அதற்கு முந்தைய வருடமே, 1869-ல், இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாக ஒரு பூஞ்சை தென்பட்டது. ஹெமிலியா என்பது அதன் பெயர். துரைமார் முதலில் பொருட்படுத்தவில்லை. காப்பி விலை நன்றாக இருந்ததால் மகசூல் குறைந்தது கணக்கில் உறைக்கவில்லை. மேலும் மேலும் காட்டை வெட்டி நட்டார்கள், அதற்கு வங்கியும் கொடுத்தது. 1880-களின் தொடக்கத்தில் தோட்டங்கள் மொட்டையாகி நின்றன.

இங்கேதான் வங்கியின் தவறு. மாற்றுச்சீட்டு ஆறு மாதத்தில் தானாகத் தீர்ந்துவிடும் சரக்கு. தோட்டத்தின் மேல் கொடுத்த கடன் அப்படி இல்லை, அது மண்ணில் புதைந்த பணம். நிலத்தின் மேல் கடன் கொடுப்பதைக் காலனி வங்கிகளுக்கான பொது விதியே தடுத்திருந்தது. 'அடுத்த விளைச்சலுக்கு முன்பணம்' என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் யார் தடுப்பது? விளைச்சல் வரவில்லை என்றால் வங்கிக்கு மிஞ்சுவது தோட்டம். இலையில்லாத காப்பித் தோட்டத்தை யார் வாங்குவார்?

1884 மே 3 அன்று ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. இலங்கையில் மக்கள் கையில் இருந்த நோட்டுகளில் பெரும்பங்கு அந்த வங்கியின் நோட்டு. அரசாங்க நோட்டு என்று அப்போது எதுவும் இல்லை. ஒரு காலைப் பொழுதில் மடியில் இருக்கிற பணம் வெறும் தாளாகிவிடும் என்றால் கடைத்தெரு என்னவாகும்! ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். கடை திறந்தது. அதே ஆண்டு நோட்டு அடிக்கும் உரிமையை அரசாங்கமே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இலங்கையின் இன்றைய ரூபாய் நோட்டுக்கு மூதாதை அதுதான்.

நோட்டு வைத்திருந்தவர் தப்பினார். வைப்பு போட்டவருக்கும் பங்குதாரருக்கும் அப்படி ஒரு ஆளுநர் கிடைக்கவில்லை. 'புதிய ஓரியண்டல் வங்கி' என்று மறுபடி தொடங்கி, 1892-ல் அதுவும் போயிற்று.

தோட்டத் தொழிலாளிக்கும் இந்த வங்கிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றுமில்லை. அவர் வங்கிப் படியை மிதித்திருக்கவே மாட்டார். ஆனால் சங்கிலி அவரிடம்தான் முடிந்தது. வங்கி கொழும்பு ஏஜென்சிக்குக் கொடுக்கும், ஏஜென்சி தோட்டத்துரைக்கு, துரை பெரிய கங்காணிக்கு, கங்காணி திருச்சி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஆள் பிடிக்க முன்பணமாக. ஒவ்வொரு கையும் அடுத்த கையைக் கடன்காரனாக்கியது.

கடைசிக் கண்ணியிலும் ஒரு காகிதம் உண்டு. அதற்குப் பெயர் 'துண்டு'. இன்ன இன்ன ஆட்களின் கடனை அடைத்தால் அவர்களை விடுவிக்கத் தயார் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும், கடன் அவர்களோடு கூடவே போகும். லண்டனில் மாற்றுச்சீட்டு கைமாறியது போல மலைநாட்டில் துண்டு கைமாறியது. முன்னதில் சரக்கு காப்பி, பின்னதில் மனிதர். துண்டு முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்த வங்கிகள் கடனே கொடுக்கவில்லையா?

நேராகக் கொடுப்பது அரிது. வங்கி மேலாளருக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது, யார் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்றும் தெரியாது. சீனாவில் 'கொம்பிரதோர்' என்ற உள்ளூர் இடைநிலையாளரை வைத்துக்கொண்டார்கள். கொழும்பில் அந்த இடத்தில் சிறாப்பர் இருந்தார். வங்கிக்கு வருகிற செட்டியார் உண்டியலுக்கு அவர் உத்தரவாதம் சொல்வார், பணம் வராவிட்டால் நட்டமும் அவருடையது.

கொழும்புச் செட்டியார் தெருவில் நகரத்தார் கடைகள் வங்கியில் வாங்கி, அதன்மேல் சில சதவீதம் வைத்துச் சிங்கள, முஸ்லிம், தமிழ் வியாபாரிகளுக்குக் கொடுத்தன. 1925-ல் ஒரு கடை நொடித்ததும் வங்கிகள் செட்டியார் உண்டியல் என்றாலே கையை இழுத்துக்கொண்டன. அதோடு சின்ன வியாபாரிக்குக் கடன் வரும் வாய்க்கால் வற்றியது. 1934-ல் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு, 1939-ல் இலங்கை வங்கி என்று பிறகு நடந்ததற்கெல்லாம் இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஒரு திருத்தம். 'செட்டியார்கள் வெள்ளைக்காரன் பணத்தை வாங்கித்தான் பர்மாவில் கடன் கொடுத்தார்கள்' என்று எழுதுவார்கள். கொஞ்சம்தான் உண்மை. அறுவடைக் காலத்தில் வங்கிக்கடன் வாங்கினார்கள், ஆனால் அங்கே போட்டதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த முதலும் செட்டிநாட்டு உறவுக்குள் திரட்டிய வைப்பும்தான். அதனால்தான் 1930-களின் வீழ்ச்சி காரைக்குடிப் பக்கத்து வீடுகள் வரை வலித்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் 25 பங்காக ஏறியது. கேட்கச் செழிப்பாக இருக்கும். வராக்கடனுக்குப் பதிலாக வந்த வயல் அது, பிறகு கையை விட்டும் போனது.

ஆர்பத்நாட் வங்கி என்கிறார்களே, அதுவும் இவற்றில் ஒன்றா?

அது பழைய ஏஜென்சி ஹவுஸ் வகை, காலம் தவறி உயிரோடு இருந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று சென்னையின் மூன்று பெரிய வெள்ளைக் கம்பெனிகளில் ஒன்று. நிதானமான வட்டி, கம்பீரமான பெயர். விதவைகள், பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், கோயில்கள் என்று எல்லோர் பணமும் அங்கே இருந்தது. லண்டன் கூட்டாளி மெக்ஃபாடியன் அந்தப் பணத்தை வைத்துச் செய்த வியாபாரங்கள் கவிழ்ந்தன. அவர் தற்கொலை செய்துகொண்ட சில நாட்களிலேயே, 1906 அக்டோபர் 22 அன்று, சென்னைக் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. ஒரு வெள்ளைக்கார 'சர்' சென்னையில் ஜெயிலுக்குப் போனதை ஊரே பேசியிருக்கும்.

வைப்பு போட்டவர்களுக்காக வழக்காடியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். சொந்தமாக ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் செட்டிநாட்டுப் பிரமுகர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் கதவு திறந்தது.

அபினுக்கும் இந்த வங்கிகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, மழுப்ப ஒன்றுமில்லை. கல்கத்தாவில் ஏலம் எடுத்த அபின் சீனாவில் வெள்ளிக்கு விற்றது, அந்த வெள்ளி லண்டன் சீட்டாகி தேயிலை வாங்க உதவியது. ஹாங்காங் பிரிட்டன் கைக்கு வந்ததே 1842-ல், முதல் அபினிப் போரின் முடிவில். மூன்றே வருடத்தில் அங்கே முதல் கிளை திறந்தது ஓரியண்டல் வங்கி. ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் முதல் தலைவர் டென்ட் கம்பெனிக்காரர். அந்தக் கம்பெனி அபின் வியாபாரத்தில் பெரிய பெயர். வங்கி நிலைத்தது, டென்ட் 1867-ல் விழுந்தது.

முதலீடு என்று மொத்தம் எவ்வளவு வெளியே போனது?

1914-ல் பிரிட்டனுக்கு வெளிநாடுகளில் சுமார் 400 கோடி பவுண்டு முதலீடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய பாதி பேரரசுக்கு வெளியே, முக்கியமாக அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருந்தது. பெரும்பாலும் ரயில்வே, அரசுக் கடன் பத்திரம். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் ஓடிய சென்னையின் முதல் பயணிகள் ரயிலும் லண்டன் பங்குதாரர் பணம்தான். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீதம் உறுதி, குறைந்தால் இந்திய அரசாங்கம் ஈடுகட்டும் என்ற ஒப்பந்தத்தோடு. இப்படி ஒரு முதலீட்டில் 'துணிகரம்' எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

அர்ஜென்டினாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பியூனஸ் அயர்ஸ் தண்ணீர்க் குழாய்த் திட்டத்துக்கு 1888-ல் லண்டனின் பேரிங் வங்கி நிறுவனம் வெளியிட்ட பங்குகளை வாங்க ஆளில்லை. 1890-ல் பேரிங்கே முழுகும் நிலை வந்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு உத்தரவாதம் திரட்டிக் காப்பாற்றியது. நூற்றைந்து வருடம் கழித்து, 1995-ல், சிங்கப்பூரில் ஒரே ஊழியரின் சூதாட்டத்தில் 82 கோடி பவுண்டுக்கு மேல் இழந்து அதே பேரிங் ஒரு பவுண்டுக்கு விற்றுப்போனது.

இவற்றில் இன்று எவை மிச்சம்?

சார்ட்டர்ட், தென்னாப்பிரிக்காவின் ஸ்டாண்டர்ட் வங்கியோடு 1969-ல் சேர்ந்து ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆனது. மெர்க்கன்டைலை 1959-ல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி வாங்கியது. பின்னாளில் அது லண்டனின் மிட்லண்ட் வங்கியையும் விழுங்கி, 1993-ல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டது. நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா கிரிண்ட்லேஸாகி, 2000-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டில் கரைந்தது. 1969-ல் இந்தியா 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இந்த வெளிநாட்டு வங்கிகளைத் தொடவில்லை.

கடைசியாக, நகைக்கடைப் 'பவுன்' இந்தப் பவுண்டுதானா?

அதேதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள 'சாவரின்' தங்க நாணயத்தின் எடை 8 கிராமுக்கு மயிரிழை குறைவு. ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்திய பிறகு இந்தியாவில் அதை 15 ரூபாய்க்கு மாற்றலாம் என்று வைத்தார்கள். பலரும் மாற்றவில்லை, உருக்கித் தாலியும் வளையலும் செய்துகொண்டார்கள்.